கறுப்புக் கவுனியும் ஒரு ‘க்கு’வும்

1. செங்கல்பட்டில் குடியிருந்து, இவ்வூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவரும் ஏகாம்பரம் ஆகிய நான், தெளிந்த அறிவோடும், எவருடைய தூண்டுதலும் இல்லாமலும், ஆனால் அச்சம் நீங்காத மனத்தோடும் எழுதிக்கொள்வது.

2. இம்மடல், என் பள்ளித் தோழனும், என் மனைவி மல்லிகாவின் அண்ணனும், அந்த வகையில் எனக்கு மச்சானும் ஆன உனக்கு. உன் பெயரை இதில் எங்கும் எழுதப் போவதில்லை. எழுதினால் தொழில் வழக்கப்படி அதற்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்க்க வேண்டியிருக்கும்.

3. நேரில் கண்டதைக் கண்டதென்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதென்றும், ஊகத்தை ஊகமென்றும் பிரித்தே சொல்வேன். பயந்தவன் மூன்றையும் கலந்துவிடுவான் என்பதைச் சாட்சிக் கூண்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்குமேல் எண்ணிட்டு எழுத வரவில்லை, மச்சான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மல்லிகா தன் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்பதால் சமையலறை இப்போது என் பொறுப்பு. காலையில் கறுப்புக் கவுனி அரிசியைக் கழுவி ஊறப்போட்டிருந்தேன். சற்றுமுன் மூடியைத் திறந்தபோது, ஊறிய நீர் மைபோலக் கறுத்து, பாத்திரத்தின் விளிம்பில் மட்டும் நாவல் பழச் சாற்றின் நிறத்தில் நின்றது. நனைந்த வைக்கோலை நினைவூட்டும் ஒரு மணம். அந்தத் தண்ணீரைக் கொட்டப் போகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்துவது உன் வழக்கம். நிறுத்த ஆளில்லாமல், கொட்டவும் மனமில்லாமல், பாத்திரத்தோடு நின்றேன். கடைசியில் அந்த நீரிலேயே அரிசியை வேகவைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன்னிடம் தெரிவிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை முறைப்படி சொல்ல வேண்டுமானால் அரிசியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உணவு தானியங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் நீ பணியாற்றிய கடைசிச் சில ஆண்டுகள் நிற அரிசிகளோடு கழிந்தன. ஓய்வு பெற்று, திருமணமே செய்துகொள்ளாத மனிதனாக எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது, துணிமணியைவிட அதிகமாக அரிசி மாதிரிகளைத்தான் கொண்டுவந்தாய். கவுனியின் கறுப்பு, மணி முழுவதும் பரவியதன்று, தவிட்டோடு ஒட்டிய மேல்தோலில் மட்டும் இருப்பது என்று சொல்லி, ஒரு மணியை நகத்தால் சுரண்டி உள்வெள்ளையைக் காட்டினாய். அந்த நிறப்பொருளின் பெயர் ஆந்தோசயனின் என்றும், நாவல் பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுப்பது அதே குடும்பம்தான் என்றும் உன்னிடமே அறிந்தேன். மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு வேறு இனம், துவர்ப்புத் தருகிற வகை, அது தண்ணீரில் இவ்வளவு எளிதாக இறங்கிவிடாது. இரண்டுமே உடலின் அணுக்கள் துருப்பிடிப்பதைப்போல் கெடுவதைத் தடுக்க வல்லவை என்றும், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளின் வேகத்தைக் குறைப்பதை நீ கண்ணால் பார்த்திருக்கிறாய் என்றும் சொன்னாய். ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்ப்பாய்: “குழாய்ல.” சோதனைக் குழாயில் என்று பொருள்.

என் அலுவலகத்தில் ஒருநாள் நீ காட்டிய வேடிக்கை நினைவிருக்கிறதா? கவுனி ஊறிய நீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினாய். பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து எலுமிச்சையும், டீக்கடையிலிருந்து ஆப்பசோடாவும் வந்தன. எலுமிச்சை விழுந்த டம்ளர் செக்கச் சிவந்தது. சோடா விழுந்தது பச்சையும் நீலமுமாகத் திரிந்தது. என் குமாஸ்தா தேசிங்கு, கட்டு பிரித்த வழக்குக் கோப்பைக் கையில் வைத்தபடி குனிந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, நம்ம சாட்சிங்க மாரி ஆளப் பாத்துக் கலரு மாறுது?”

“சாட்சி பொய் சொல்லுவான் தேசிங்கு,” என்றாய் நீ. “இது புளிப்புகிட்ட ஒரு நெசம் சொல்லுது, சோடாகிட்ட ஒரு நெசம் சொல்லுது.”

நான் என் பங்குக்கு, வயிற்றுக்குள் போனால் இது எந்த உண்மையைச் சொல்லும் என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. வேகும்போது எவ்வளவு போகிறது, குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் எவ்வளவு சேருகிறது, அங்கே என்ன ஆகிறது என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள் என்றாய். “குழாய்ல பாத்தேன். அத்த மட்டும்தான் சொல்லுவேன். உடம்புக்குள்ள நடக்கிறதுக்கு நான் சாட்சி இல்லடா.” தொழிலில் நான் சந்தித்த நிபுணர் சாட்சிகளில் பாதிப் பேருக்கு உன்னைக் காட்டியிருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

மதுராந்தகத்தில் எனக்கு ஒரு வழக்கு இருந்த நாளில் நீயும் உடன் வந்தாய். திரும்பும் வழியில் கருங்குழியில் டீ குடிக்க இறங்கினோம். கடையில் கவுனி பொட்டலம் தொங்கியது. அதன்மேல் பெரிய எழுத்தில் ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தாய்.

“சர்க்கரைக்கு நல்லதுன்னா சர்க்கரைக்குத்தான்டா நல்லது. நமக்கு இன்னா கெடைக்கும்?”

டீக்கடைக்காரர் சிரித்தார். நீ விடவில்லை. இந்தக் ‘க்கு’வைக் கோர்ட்டில் வைத்தால் என்ன தீர்ப்பு வரும் என்று என்னைக் கேட்டாய். யோசித்துத்தான் பதில் சொன்னேன். பசிக்குச் சோறு என்றால் பசி ஒழியும். மாட்டுக்குப் புல் என்றால் மாடு வளரும். இரண்டு இடத்திலும் ஒரே உருபு. எது எப்பக்கம் என்பதை அந்தச் சொல் காட்டாது, கேட்பவரின் மனம்தான் தீர்மானிக்கும் என்றேன். அப்படியானால் என்ன அச்சிட வேண்டும் என்று கேட்டாய். ‘மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாமல், அளவறிந்து உண்டால், சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு ஓரளவு பயன் தரக்கூடும்’ என்று ஒரு வாசகம் சொன்னேன். “இத்த அச்சடிச்சா அப்பறம் பையில அரிசி போட எடம் இருக்காது, வக்கீலு” என்றாய். வீடு வந்து சேரும்வரை அந்த வாசகத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இந்தக் ‘க்கு’வைப் பற்றி இவ்வளவு தெரிந்தவன் நீ. அதனால்தான் நடந்தது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மல்லிகாவைப் போலவே உனக்கும் சர்க்கரை நோய் இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறாய் என்பது மல்லிகாவுக்குத் தெரியும். மாத்திரை போதாமல் போய், தினம் ஒருமுறை இன்சுலின் போட்டுக்கொண்டாய் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தேசிங்குக்கும் தெரியும். ஜூஸ் கடைக்காரருக்கு மருந்து என்ற அளவில் தெரியும், ஏனென்றால் அது அவர் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. வீட்டு ஃபிரிட்ஜ் மல்லிகாவின் ஆட்சியில் இருந்தது. பேப்பர் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையில் என் அலுவலகத்துக்கு வருவாய். சட்டப் புத்தக அலமாரிக்குப் பின்னால் திரும்பி நின்று போட்டுக்கொண்டு, பிறகு உண்மையிலேயே பேப்பர் படிப்பாய்.

ஏன் இந்த ஒளிவு என்று முதல் நாள் கேட்டேன். உங்கள் அம்மாவை நினைவுபடுத்தினாய். அவருக்கு ஊசி தொடங்கிய ஆண்டிலேயே ஒரு காலை எடுத்தார்கள். அப்போது மல்லிகா பாவாடை கட்டிய சிறுமி. ஊசிதான் காலைத் தின்றது என்று அவள் மனத்தில் பதிந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்று வந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று வந்தது என்றாகாது என எந்த நீதிபதியிடமும் வாதிட்டு வெல்வேன். தாயின் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்த பெண்ணிடம் அந்த வாதம் செல்லாது. ஊசி என்று சொன்னால் அவள் உன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றாய். பிறகு கேட்டாய்:

“வக்கீலுகிட்ட சொன்னது வெளிய போவக் கூடாதுன்னு சட்டம் கீது இல்ல?”

அது கட்சிக்காரர் சொன்னதற்குத்தான் பொருந்தும், மச்சான் சொன்னதற்குப் பொருந்தாது என்றேன்.

“அப்ப என்னக் கட்சிக்காரனா வெச்சிக்கோ.”

விளையாட்டாகத்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டதுதான். கட்சிக்காரர் இறந்தாலும் அந்தக் கடமை இறப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் விதி.

நீ இதய நோயால் போனாய். மருத்துவமனையில் உன் கடைசி மாலையில் நான் கால்மாட்டிலும் மல்லிகா தலைமாட்டிலும் இருந்தோம். அவள் அழுவதைப் பார்த்து ஆக்சிஜன் முகமூடியை விலக்கச் சொன்னாய். நீ சொன்னதை நான் நேரில் கேட்டேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் பதிவு செய்கிறேன்.

“மல்லி, வெள்ள அரிசிய வுட்டுடும்மா. கவுனி சாப்டு. சுகருக்கு நல்லது.”

பொட்டலத்தில் பார்த்துச் சிரித்த அதே சொல். ‘குழாய்ல’ என்று சேர்க்கவில்லை. மாத்திரையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாத்திரை சாப்பிடுகிறாள், அது தொடரும், அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று எண்ணியிருப்பாய். இது என் ஊகம். மூச்சு அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது என்பதும் ஊகமே. எனக்கும் அப்போது அது தங்கையைத் தேற்றும் சொல்லாக மட்டுமே கேட்டது.

அதன்பின் எங்கள் வீட்டில் வெள்ளை அரிசி வாங்கவில்லை. காலையில் கவுனிக் கஞ்சி, மதியம் கவுனிச் சோறு, இரவில் கவுனி உப்புமா. ஊறிய நீரையும் சேர்த்தே சமைத்தாள். நல்லதுதானே என்று ஒரு கரண்டி கூடவே வைத்துக்கொண்டாள். கறுப்பு தோலில்தான் இருக்கிறது, தோலுக்கு உள்ளே இருப்பது சோறு என்று நீ சொன்னது என் நினைவுக்கு வரவில்லை. அவள் பசித்துச் சாப்பிடுகிறாள் என்பதே அப்போது பெரிதாக இருந்தது. மருந்து மாத்திரைகளை எப்போதும் அவளே வாங்கி அவளே எடுத்துக்கொள்வாள். அதில் நான் தலையிட்டதில்லை.

இந்தச் சித்திரையில் உன் முதலாண்டுத் திதி. மாமல்லபுரத்தில், உன் அஸ்தியைக் கரைத்த இடத்தில் பூவும் பாலும் விட வேண்டும், சாலையிலிருந்து கடல்வரை செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்று மல்லிகா வேண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் போய்ச் சேர உச்சி வெயிலாகிவிட்டது. சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் மணல் சுட்டது. துணைக்கு நானும் செருப்பைக் கழற்றியிருந்தேன். கரையேற்றிய படகுகளின் நிழலிலிருந்து நிழலுக்கு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் வயதுக்கும் தொழிலுக்கும் பொருந்தாத முறையில் குதித்தேன். மல்லிகா பூக்கூடையோடு வெட்டவெளியில் நிதானமாக நடந்தாள்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து நின்று குரல் கொடுத்தார். “யக்கா, செருப்பப் போட்டுக்கினு போ. மணலு நெருப்பு மாரி கீது.”

மல்லிகா நின்று திரும்பினாள். “எனக்கு ஒண்ணும் தெர்லயேம்மா,” என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, “அது பக்தி. உனுக்கு அது பத்தல அண்ணாத்த,” என்றார். நானும் சிரித்தேன். என் மனைவியை நினைத்துப் பெருமைப்பட்டேன். அண்ணன்மேல் உள்ள அன்பு வெயிலை மறக்கச் செய்கிறது என்று கருதினேன். அந்தக் கணத்தை இப்போது எத்தனை முறை திரும்பப் பார்க்கிறேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அவள் நடையில் அவசரமே இல்லை.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தரையில் ஈரத் தடங்களைப் பார்த்தேன். கடல் நீர் இவ்வளவு நேரமா காயாமல் இருக்கும் என்று குனிந்தேன். அது தண்ணீர் இல்லை. அவளை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தபோது, வலது உள்ளங்கால் முழுவதும் கொப்புளம் கண்டு, முன்பாதத்தில் தோல் வழன்று கிடந்தது. என் முகத்தைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். காலைப் பார்த்து இல்லை.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். நடுவயதுப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். காயத்தைச் சுத்தம் செய்து கட்டிய பிறகு, இடது காலைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, மல்லிகாவைக் கண்ணை மூடச் சொன்னார். தொட்டதும் சொல்ல வேண்டும் என்றார். மெல்லிய நரம்பு போன்ற ஓர் இழையைக் கட்டைவிரலின் அடியில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. பிறகு முன்பாதத்தில். பிறகு குதிகாலில். மல்லிகா சொன்னபடி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தேர்வெழுத வந்த பிள்ளைபோல் காத்திருந்தாள். அவர் மீண்டும் கட்டைவிரலுக்கு வந்தார்.

“ஆரம்பிங்க டாக்டர்,” என்றாள் மல்லிகா. “எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு இருக்கிறது?”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மரண தண்டனைத் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அறையில் ஒருமுறை நின்றிருக்கிறேன். அன்றுகூட நான் எதையும் இப்படிப் பிடித்துக்கொள்ளவில்லை.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். மல்லிகா மறைக்கவில்லை. சற்றுப் பெருமையாகவே சொன்னாள். “அத்த வுட்டு ஒரு வருசம் ஆவுது. அண்ணன் கருமாதி முடிஞ்ச மறுநாளே நிறுத்திட்டேன். கவுனிதான் சாப்புடறனே.”

மருத்துவர் அவளைத் திட்டவில்லை. கவுனி நல்ல அரிசிதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதுவும் சோறுதான், அளவு மீறினால் அதுவும் சர்க்கரையாகத்தான் மாறும், மருந்து செய்யும் வேலையை அது செய்யாது என்றார். காலில் உணர்வு போனது இந்த ஓராண்டில் நேர்ந்ததில்லை, பல ஆண்டாக மெல்லப் போயிருக்கிறது. ஆனால் இப்போது இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை இந்த ஓராண்டின் விளைவு, அது இறங்காமல் காயம் ஆறாது. உடனே இன்சுலின் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். பாதத்தைப் பற்றி எந்த உறுதியும் தர முடியாது என்றார். அந்த வாக்கியத்தின் பொருளில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. எச்சரிக்கையாகப் பேசுகிறவர்களின் பேச்சை நான் புரிந்துகொள்வேன்.

“இன்னா வேணா குடுங்க. ஊசி மட்டும் வாணாம்,” என்றாள் மல்லிகா.

வீட்டில் இரண்டு நாள் வாதாடினேன். வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் வாதாடியதில்லை. மாத்திரையை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள், ஊசியை அவள் கேட்கவும் தயாராக இல்லை. கவுனியை நம்பினால் போதும், காயம் ஆறும், அண்ணன் சாகிற நேரத்தில் பொய் சொல்லுமா என்று கேட்டாள். சாகிறவன் பொய் சொல்லமாட்டான் என்பதுதான் மரண வாக்குமூலத்துக்குச் சட்டம் தரும் மதிப்பின் அடிப்படை. என் ஆயுதத்தையே அவள் எடுத்து என்மேல் பிடித்தாள். இறப்பவன் தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சொன்னதற்குத்தான் அந்த மதிப்பு, அரிசியைப் பற்றிச் சொன்னதற்குக் கிடையாது என்றேன். “உங்க கோர்ட்ட கோர்ட்டுலயே வெச்சிக்கோங்க,” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தக் ‘க்கு’வைப் பற்றியும் சொல்லிப் பார்த்தேன். பசிக்குச் சோறு, மாட்டுக்குப் புல். என்னை அவள் பரிதாபமாகப் பார்த்தாள். இலக்கணம் பேசுகிற நேரமா இது என்று அந்தப் பார்வை கேட்டது.

கட்டு மாற்றும்போது காயத்தின் ஓரம் கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சோற்றின் நிறம்கூடப் பிடிக்காமல் போயிற்று. உன்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் வழி இருந்திருந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்: கவுனியை மருந்தோடு சாப்பிடச் சொன்னாயா, மருந்துக்குப் பதிலாகவா? நீ வரமாட்டாய். ஆனால் உன் பதில் என்னிடம் இருந்தது. நீ கவுனியும் சாப்பிட்டாய், ஊசியும் போட்டுக்கொண்டாய். கட்சிக்காரனாக உன்னை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

இனி நான் தெரிவிக்க வேண்டியது. மூன்றாம் நாள் காலை, அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, உன் ஊசியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஜூஸ் கடை ஃபிரிட்ஜ், புத்தக அலமாரி, பேப்பர் படிப்பது, எல்லாவற்றையும். உன் அனுமதி இல்லை. உன் அனுமதியைப் பெற வழியும் இல்லை. விதியை மீறுகிறோம் என்பதை முழுமையாக அறிந்தே மீறினேன்.

அவள் நம்பவில்லை. நான் வழக்கறிஞன், வேண்டியதைக் கட்டிச் சொல்லத் தெரிந்தவன். “சாட்சி எதுனா கீதா?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுக்கு மேலாக என்னோடு வாழ்ந்ததில் அந்த ஒரு கேள்வியை மட்டும் நன்றாகக் கற்றிருக்கிறாள்.

தேசிங்குவை வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தரவில்லை. இதை அவரும் உறுதிப்படுத்துவார். மல்லிகாவே கேட்டாள்.

“ஆமாம்மா,” என்றார் தேசிங்கு. “அண்ணாத்த நம்ம ஆபீஸ்லதான் போட்டுக்குவாரு. நான்தான் ஜூஸ் கடையாண்டேந்து எடுத்தாந்து குடுப்பேன். சட்டையத் தூக்கிக்கினு அலமாரியாண்ட திரும்பி நின்னுக்குவாரு. வவுத்துல. ஒரு தபா நான் பயந்து போய் கண்ண மூடிக்கினேன். ‘போட்டுக்கிறவன் நானு, நீ இன்னாத்துக்கு மூடிக்கிற’ன்னு சிரிச்சாரு.”

உன் சிரிப்பைத் தேசிங்கு சரியாகப் பிடித்திருந்தார். அதுதான் மல்லிகாவை அசைத்தது என்று கருதுகிறேன். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“எத்தினி நாளு?”

ஆண்டுக்கணக்கில் என்றேன்.

“கடைசி வரைக்கும் ரெண்டு காலோடதான் போச்சு, இல்ல?”

ஆமாம் என்றேன். மாடிப் படி ஏறி இறங்கிய உன் இரண்டு கால்களையும் அவள் அப்போது மனத்தில் பார்த்திருக்க வேண்டும். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். முந்தானைக்குள்ளிருந்தே, “கட்டைல போறவன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல,” என்றாள். தேசிங்கு மெல்ல நகர்ந்துவிட்டார்.

அன்று மாலை ஊசி தொடங்கியது. நான்தான் போடுகிறேன். நர்ஸ் சொல்லித் தந்தபடி வயிற்று மடிப்பைப் பிடித்து, இன்சுலின் பேனாவில் அளவைத் திருப்பி, அழுத்தி, விடுவதற்குமுன் காத்திருக்கிறேன். அவள் கண்ணை மூடுவதில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். கவுனி இப்போதும் வீட்டில் இருக்கிறது, மருத்துவர் சொன்ன அளவுக்கு. மேல்தோலின் நன்மையை நான் மறுக்கவில்லை. உள்ளே இருப்பதையும் மறக்கவில்லை.

சர்க்கரை இறங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். நாளைக் காலை பெரிய கட்டைப் பிரித்துப் பார்த்து, தசை உயிரோடு இருக்கிறதா, விரல்களில் ஏதேனும் போக வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. தெரியாததுதான் இரவெல்லாம் என்னோடு பேசுகிறது. அவள் தூங்கும்போது மூடிய போர்வையின் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கிறேன். இரண்டு மேடும் இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு கண்ணை மூடுகிறேன். மறுபடி திறக்கிறேன். உங்கள் அம்மாவின் கட்டிலருகே சிறுமியாக நின்றவளுக்கு இருந்த பயம் இப்படித்தான் இருந்திருக்கும். அதை வாதத்தால் வெல்லப் பார்த்தேன் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

உன்னிடமிருந்து நான் இன்னும் சுமப்பது என்ன என்று கேட்டால், பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தைச் சொல்வேன். அதனால்தான் நாளை எல்லாம் நன்றாகவே முடியும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அந்த மாலையில் பார்க்காததைச் சொல்லிவிட்டாய். தங்கை அழுதபோது உனக்கே அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அதற்காக உன்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. உன் இடத்தில் நானும் ஆதாரமில்லாத ஒரு நல்ல சொல்லைத் தேடியிருப்பேன். இந்தப் பயத்தில் அப்படி ஒரு சொல் எனக்கும் வேண்டியிருக்கிறது.

நீ என்னிடம் ஒப்படைத்ததை வெளியிட்டதற்கு நானே பொறுப்பு. இதற்கு ஆட்சேபணை இருந்தால் அதை ஏற்கிறேன்.

மேலே கண்டவற்றை மல்லிகாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். மரண தண்டனை பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை. ‘கட்டைல போறவன்’ என்று தான் சொன்னதை எழுதியதற்குக் கோபித்துக்கொண்டாள். பிறகு அதுவும் இருக்கட்டும் என்றாள். சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்தோடு நிறுத்தாமல் இரண்டு வரி சேர்த்து எழுதினாள். அதை நீக்க எனக்கு உரிமை இல்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்) ஏகாம்பரம்
செங்கல்பட்டு

சாட்சிகள்:

1. தேசிங்கு, குமாஸ்தா. நான் சொன்னதாக எழுதியிருப்பது சரி.

2. மல்லிகா. படிக்கக் கேட்டேன். அண்ணா, ஊசி போடும்போது இவர் கை ரொம்ப நடுங்குகிறது. நாளையிலிருந்து நானே போட்டுக்கொள்கிறேன்.